மிதியை விட்டுக் கால் எடுக்காதவர்

நெவில் சக்டன் காலை டீயை ஏழு நாற்பத்தாறுக்கு வாங்கிக்கொள்வார். அவருடைய ரயில் ப்ளாக்மூர் நிலையத்தில் இரண்டு நிமிடம் நிற்கும். அதற்குள் மனைவி ப்ரெண்டா கோப்பையை நீட்டிவிட வேண்டும். ஒருமுறை பால் தீர்ந்துபோய் அவள் கொஞ்சம் பிந்திவிட்டாள். வண்டி நகர்ந்திருந்தது. கோப்பையைத் தொட மறுத்துவிட்டார்.

"ஓடற வண்டில எதையும் ஏத்தக் கூடாது. விதி."

"வீட்டுப் பின்ரூம்ல எந்த வண்டி ஓடுது, நெவில்?" என்று கேட்டுவிட்டு, டீயை அவளே குடித்தாள்.

கம்ப்யூட்டர் ரயில்தான். பக்கத்துக்கு ஒன்றாகவும் எதிரே ஒன்றாகவும் மூன்று திரைகள், தலையில் ஓட்டுநர் தொப்பி, காலடியில் ஒரு மிதி. மிதி, ப்ரெண்டாவின் தையல் மிஷினில் இருந்தது, கேட்காமல் கழற்றியது. ஓட்டுநர் மயங்கி விழுந்தால் வண்டி தானாக நிற்பதற்கு நிஜ எஞ்சினில் இருக்கும் ஏற்பாட்டை அதில் செய்து வைத்திருக்கிறார். மூன்று வினாடி கால் எடுத்தால் அவசர பிரேக் விழும். ஒன்பது வருடமாக நடுவழியில் அவர் கால் எடுத்ததில்லை. ஒருநாள் சமையலறையில் துணி பற்றிக்கொண்டது. ப்ரெண்டா கத்தினாள், பிறகு அவளே அணைத்தாள். அன்றும் வண்டி குறித்த நேரத்துக்குச் சேர்ந்ததாக நோட்டில் எழுதியிருக்கிறார்.

நாற்பது வருடம் தரைவிரிப்பு விற்ற மனிதர். ரயில்வேயில் ஒருநாள்கூட வேலை பார்த்ததில்லை. இங்கிலாந்தில் அவர் வசிக்கும் யார்க்ஷயர் பள்ளத்தாக்கு ஊரில், வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் நிஜ ஸ்டேஷன் இருக்கிறது. அந்தப் பக்கம் போகவே மாட்டார். "எப்பப் பாரு லேட்டு. ஒரே நாத்தம் வேற" என்பார். வெளியூர் போவதென்றால் பஸ்.

போன வசந்தத்தில்தான் இடி விழுந்தது. விளையாட்டைச் செய்யும் கம்பெனி, இனிமேல் எல்லாம் மாதச் சந்தா என்று அறிவித்தது. ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய எஞ்சின்கூட, சந்தா நின்றால் கிளம்பாது. விற்கும்போது உங்களுடையது என்றவர்கள், இப்போது உங்களிடம் இருந்தது அனுமதி மட்டும்தான் என்கிறார்கள். பகல் கொள்ளைதான், சந்தேகமே இல்லை. நெவிலிடம் அறுபத்து மூன்று எஞ்சின்கள். ஓட்டிப் பார்த்தது நான்கு. மற்றவற்றை எதற்கு வாங்கினார் என்று கேட்டவர்களுடன் அவர் பேசுவதில்லை.

"என் எஞ்சின நானே வாடகைக்கு எடுக்கணுமாம்" என்று வாரக்கணக்கில் புலம்பினார்.

"முப்பத்தோரு வருஷமா வாடகை வீட்லதான இருக்கோம். அதுக்கு ஒருநாளும் நீ இப்டித் துடிச்சதில்லையே."

"வீடு வேற, எஞ்சின் வேற."

கம்பெனிக்குப் பதினோரு பக்கக் கண்டனக் கடிதம் எழுதினார். பதில் வந்தது: தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. அதற்குப் பிறகு ரயில் விளையாட்டுக்காரர்களின் இணைய மன்றத்தில் டெரெக் என்பவர் ஒரு வழி சொன்னார். பழைய விளையாட்டை இணையமே படாமல் வைத்துக்கொண்டால் சாகும்வரை ஓட்டலாம். ஒரே ஒரு தடவை இணையம் பட்டால் போதும், புதுசு தானாக வந்து உட்கார்ந்துகொண்டு சந்தா கேட்கும்.

நெவில் அன்றைக்கே வீட்டின் இணையப் பெட்டியைப் பிடுங்கித் தோட்டத்துக் கொட்டகையில் உரமூட்டைக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

"உன் கம்ப்யூட்டர்ல மட்டும் நிறுத்திக்கோயேன். எனக்குப் பாலின்கூடப் பேச வேணாமா?"

"நிறுத்துனதா நமக்குக் காட்டும். உள்ளுக்குள்ள தெறந்துதான் இருக்கும். சுவரைத் தாண்டி வர்ற சாமான் அது."

பாலின், ப்ரெண்டாவின் தங்கை, நியூசிலாந்தில் இருக்கிறாள். தினமும் காலையில் இருவரும் முகம் பார்த்துப் பேசிக்கொண்டே ஒரே குறுக்கெழுத்துப் போட்டியை நிரப்புவார்கள். பதினொரு வருடப் பழக்கம். பள்ளத்தாக்கில் கைபேசிக்குச் சிக்னல் கிடையாது. வீட்டுத் தொலைபேசியில் குரல் மட்டும் கேட்கும். அதில் ப்ரெண்டாவுக்குத் திருப்தியில்லை. ஆனால் இரண்டு மாதம் பொறுத்துக்கொண்டாள்.

இரண்டு வருடமாகப் பாலினுக்குக் கண்ணில் புரை படர்ந்து பார்வை மங்கியிருந்தது. போன வாரம் ஆபரேஷன். அவள் தொலைபேசியில் சொன்னாள்: "புதன்கிழம கட்டுப் பிரிக்கிறாங்க, அக்கா. உங்க ஊர்ல காலைல எட்டு மணி. மொதல்ல உன் மூஞ்சியத்தான் பாக்கணும்னு நர்ஸ்கிட்ட சொல்லிட்டேன்."

ப்ரெண்டா இதை இரவுச் சாப்பாட்டில் நெவிலிடம் சொன்னாள். அவர் உருளைக்கிழங்கை வெட்டிக்கொண்டே, "நூலகத்துல இன்டர்நெட் இருக்கே, அங்க போயேன்" என்றார்.

"நூலகம் பத்து மணிக்குத்தான் தெறக்கும்."

"அப்ப பத்து மணிக்குப் பிரிக்கச் சொல்லு."

ப்ரெண்டா தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மனிதருக்கு மனது கெட்டதில்லை. அது தண்டவாளத்தை விட்டு இறங்காது, அவ்வளவுதான்.

புதன்கிழமை ப்ளாக்மூரில் டீ வரவில்லை. நெவில் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையைப் பின்னால் நீட்டி இரண்டு நிமிடம் காத்திருந்தார். பிறகு விசில் ஊதி, டீ இல்லாமலே கிளம்பினார். வண்டி எழுபது மைல் வேகத்தைத் தொட்டபோது, ஒட்டடையும் உரமுமாக அந்தப் பெட்டியை ஏந்திக்கொண்டு ப்ரெண்டா அவருடைய அறை வாசலைக் கடந்தாள்.

"ப்ரெண்டா, அத வை."

"வந்து தடுத்துக்கோ."

நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து எழப் பார்த்தார். மிதி ஒரு அங்குலம் மேலே வந்தது. திரையில் சிவப்பு விளக்கு துடித்தது. வண்டியில் முந்நூற்றுப் பன்னிரண்டு பயணிகள். நிஜத்தில் ஒருவரும் இல்லைதான், ஆனாலும் அவருடைய பொறுப்பு. உட்கார்ந்தார்.

"ப்ளாக்மூர்லயே சொல்லிருக்கலாம்ல. அங்க வண்டி நின்னுச்சு."

"அதான் சொல்லல, டிரைவர் சார்."

கூடத்தில் செருகும் சத்தம் கேட்டது. நடுத் திரையின் நட்ட நடுவில் வெள்ளைக் கட்டம் ஒன்று முளைத்தது: புதிய பதிப்பு தயாராகிறது, சந்தாவைத் தேர்ந்தெடுங்கள். தண்டவாளம், வரப்போகும் சிக்னல் எல்லாம் அதற்குப் பின்னால் போய்விட்டன.

பக்கத்து அறையில் வீடியோ அழைப்பின் மணி அடித்து நின்றது. பிறகு பாலினின் குரல்: "அய்யய்யோ, அக்கா. இவ்ளோ கெழவி ஆயிட்டியா நீ." இருவரும் சிரித்தார்கள், அழுதார்கள், மறுபடி சிரித்தார்கள்.

நெவில் மிதியை விடவில்லை. கழுத்தை இடப்பக்கமாக நீட்டி, அந்த வெள்ளைக் கட்டத்துக்குப் பின்னால் சிக்னல் பச்சையா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.