உப்புத் தண்ணி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அண்ணன் வளைகுடா வேலைக்குக் கிளம்பியபோது, சிட்லபாக்கம் வீட்டிலிருந்த தன் கண்ணாடித் தொட்டியையும் அதிலிருந்த ஒற்றைக் கடல்மீனையும் என்னிடம் ஒப்படைத்தார். ஆரஞ்சு உடம்பு, வெள்ளைப் பட்டை. பிறகு ஆறு வாரமாக அவரிடமிருந்து கடிதம் இல்லை. அண்ணி மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டே இருந்தார்.

"இது நல்லா இருந்தா அவரும் நல்லா இருப்பாரு, தம்பி."

நான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. எனக்கும் அப்படித்தான் பட்டது.

மிஞ்சிய தீனியில் புழு பெருகியது. பட்டப்பகலில் தொட்டியைப் போர்வையால் மூடி இருட்டாக்கி, கொஞ்சம் பொறுத்து ஓரத்தைத் தூக்கினால், கடல்கல்லின் துளைக்குத் துளை ஒன்று நீண்டிருக்கும். இளஞ்சிவப்பு, இருபுறமும் வெள்ளை முள்மயிர். போர்வையை விட்டுவிடுவேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தானே என்று சொல்லிக்கொள்வேன். உடம்பு கேட்காது.

தாம்பரத்தில் வண்ணமீன் விற்பவர் சிரித்தார். "புழு இல்லாத கடல் எங்க கீது சார்? நாலு இருந்தா நல்லதுதான், மிச்சத்த துன்னுகினு கெடக்கும். தீனிய கம்மி பண்ணு. ஃபிலிம் டப்பால ஓட்ட போட்டு எறா துண்டு வச்சு எறக்கு, உள்ள பூந்துக்கும். கைய மட்டும் வுடாத, முள்ளு ஏறிடும்."

டப்பாவில் தினமும் ஏழெட்டு சிக்கின. போதவில்லை. ஒரு காலை அடிமணலைக் குழாயால் உறிஞ்சினேன். பாதித் தண்ணீரும் கூடவே போயிற்று. ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. கோவளத்திலிருந்து பிடித்துவந்த கடல்நீர் குளியலறையில் கேனில் இருந்தது. "அண்ணி, உப்புத் தண்ணி ஊத்தி நிரப்பிடுங்க" என்று கத்திவிட்டு ரயிலுக்கு ஓடினேன்.

எங்கள் தெருவில் குடிப்பது நல்ல தண்ணி. ஆழ்துளைப் போரில் வருவது, லேசாகக் கரிப்பதால், உப்புத் தண்ணி. அண்ணி போர் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றியிருந்தார்.

எத்தனை புழு ஒளிந்திருந்தது என்று மாலையில்தான் தெரிந்தது. கல்லைவிட்டு எல்லாம் வெளியே. நெளிந்தவை, முறுக்கிக்கொண்டவை, ஏற்கெனவே வெளுத்தவை. தண்ணீர் கஞ்சியாகக் கலங்கியிருந்தது. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

"கொன்னுட்டேனா, தம்பி?"

அவர் கேட்டது மீனைப் பற்றி மட்டும் அல்ல.

கேன் நீரை வாளியில் கவிழ்த்தேன். திடுமென மாற்றினால் அதுவும் ஆபத்து. போர் தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்தேன். வலையைத் தேடுவதற்குள் அண்ணி வெறுங்கையை உள்ளே விட்டு, அந்த நெளிவுக்குள்ளிருந்து மீனை அள்ளிவிட்டார். விரலெல்லாம் கண்ணுக்குத் தெரியாத முள். பிளாஸ்திரி ஒட்டி ஒட்டி இழுத்தேன். அவர் பார்வை வாளியை விட்டு நகரவில்லை. செவுள் அடித்துக்கொண்டது. பிழைத்துவிடும் என்று சொல்லக்கூடப் பயம்.

மறுநாள் மதியம் மீன் ஒரு துணுக்கு தின்றது. அண்ணி உடனே கடிதம் எழுத வேண்டும் என்றார். விரல்கள் வீங்கியிருந்ததால் அவர் சொல்ல, நான் எழுதினேன்.

"மீன் சௌக்கியம்னு போடுங்க. நீங்க எப்படி இருக்கீங்கன்னு ரெண்டு வரியாவது எழுதச் சொல்லுங்க."

அடுத்து என்ன என்று நிமிர்ந்து பார்த்தேன்.

"புழுவப் பத்தி வேணாம், தம்பி. அங்க அவருக்கு என்னென்ன பயமோ."