குகதாசன் மாமாவுக்கு நித்திரை வரும் காரணங்கள்

சிவப்பு விளக்கு விழுந்ததும் குகதாசன் மாமாவின் இடது கை சட்டைப் பைக்குள் போகும். ஒரு செத்தல் மிளகாயை எடுத்துக் காம்பைக் கிள்ளிவிட்டு நுனியை மட்டும் கடிப்பார். விழுங்க மாட்டார். கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு கண்களை அகல விரிப்பார். கண்ணில் நீர் முட்டும், மூக்கு நுனி வியர்க்கும். பச்சை விழுந்ததும் நாற்பது பேரோடு பேருந்து புறப்படும்.

"ருசிக்குக் கடிக்கேல்லை பிள்ளை, இது நித்திரைக்கு மருந்து" என்று முன் இருக்கையில் இருக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையான எனக்குக் கண்ணாடியைப் பார்த்துச் சொல்வார். ஒஸ்லோவின் புறநகரான மோர்டென்ஸ்ருட்டில் இருந்து நகரம் வரைக்கும் தை மாதத்தில் ஒரு மிளகாய் போதுமாக இருந்தது. சித்திரையில் மூன்று. வைகாசியில் ஐந்து.

அவருக்கு நாற்பத்தொன்பது வயது. திருகோணமலையில் இருந்து வந்தவர். நொர்வேயின் வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் பதினொரு வருடம் குளிருக்குள் நின்று மீன் வெட்டினார். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து, மூன்றாவது தடவையில் பேருந்து ஓட்டும் லைசென்ஸ் எடுத்தார். அதை யாரும் கேட்காமலே எடுத்துக் காட்டுவார். சீருடையைத் தானே மடிப்புக் கலையாமல் மினுக்குவார். சில்லறை கொடுக்கும்போது இரண்டு கையாலும் கொடுப்பார். மழையில் ஓடி வருகிறவரைக் கண்டால் கட்டாயம் நிற்பார். அதனால் பிந்துவார். பிந்தியதற்கு ஒவ்வொரு தரிப்பிடத்திலும் மன்னிப்புக் கேட்பார்.

அப்படிப்பட்டவர் பங்குனி மாதத்தில் ஒருநாள் இரண்டு தரிப்பிடங்களைத் தாண்டிப் போய்விட்டார். பயணிகள் மணியை அடித்த பிறகுதான் நிறுத்தினார். "ரெண்டு தரிப்பிடம் எங்கை போச்செண்டு எனக்குத் தெரியாது. கண் திறந்துதான் இருந்தது. ஆள் இல்லை" என்று எங்கள் வீட்டுக் குசினியில் இருந்து சொன்னார்.

மாமா பயந்து ஒடுங்குகிற ஆள் இல்லை. அடுத்த நாளே காரணம் தேடத் தொடங்கினார். அவர் தேடிய வேகத்தைப் பார்த்தால் யாரோ அவரைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்த்துவிட்டார்கள் போல இருக்கும். ஒரு வாரத்துக்கு ஒரு காரணம். ஒவ்வொன்றையும் சுவரில் தொங்கும் கோயில் நாட்காட்டியில் குறித்து வைத்தார்.

முதல் வாரம் புட்டு. காலை நாலு மணிக்குப் புட்டும் சம்பலும் சாப்பிடுவதை நிறுத்திப் பாண் சாப்பிட்டார். நித்திரை போகவில்லை, பசிதான் வந்தது. இரண்டாவது வாரம் பேருந்தின் சூடு. பக்கத்து யன்னலைத் திறந்துவிட்டு ஓட்டினார். ஒரு கிழவர் தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு முறைப்பாடு எழுதினார். மூன்றாவது வாரம் கழிந்துபோன குளிர்காலத்தின் இருட்டு. பகல் வெளிச்சம் தரும் விளக்கொன்றை வாங்கிக் குசினியில் வைத்தார். அந்த வெளிச்சத்துக்கு முன்னால் கதிரையில் இருந்தபடியே நித்திரையாகிப் போனார். பிறகு மகரந்தக் குளிசை. இங்கே மே மாதத்தில் பிர்ச் மரங்கள் பூத்தால் பாதிச் சனம் தும்மும், மாமாவும் தும்முவார். அதற்குப் போடும் குளிசைதான் மயக்குகிறது என்று நிறுத்தினார். கண்ணும் மூக்கும் ஒழுக ஒழுக ஓட்டினார். நித்திரை அப்போதும் வந்தது.

சென்னையில் இருந்து வந்து கணினி வேலை செய்யும் சிவராமன் அண்ணாவும் எங்கள் பேருந்தில்தான் வருவார். அவரும் ஒரு காரணம் வைத்திருந்தார்.

"சார், லஞ்ச்ல ரைஸைக் குறைச்சுப் பாருங்க. எல்லாம் அதுதான் பண்ணுது."

"தம்பி, எனக்கு நித்திரை வாறது காலமை எட்டு மணிக்கு. மத்தியானச் சோத்தை முதல் நாளே குறைக்கச் சொல்லுறீரோ?"

பேருந்தில் தமிழ் தெரிந்த நாலு பேரும் சிரித்தோம். மாமாதான் எல்லாரையும் விடக் கூடச் சிரித்தார். ஆனால் மிளகாயையும் கடித்தார்.

வைகாசி முடிவில் குடும்ப வைத்தியரிடம் போனார். வைத்தியர் ஒரு தாள் கொடுத்திருக்கிறார். தொலைக்காட்சி பார்க்கும்போது கண் அயர்வீர்களா, வாசிக்கும்போது அயர்வீர்களா, இன்னொருவர் ஓட்டும் காரில் அயர்வீர்களா என்று கேள்விகள். "பள்ளிக்கூடத்திலை ஒருநாளும் எடுக்காத முழுப் புள்ளியை இதிலை எடுத்துப்போட்டன்" என்று பெருமையாகச் சொன்னார். கடைசியில் வைத்தியர் வாயால் ஒரு கேள்வி கேட்டார். பக்கத்தில் படுப்பவர் உங்கள் நித்திரையைப் பற்றி என்ன சொல்கிறார்? வெள்ளிக்கிழமை வந்து பதில் சொல்லுங்கள்.

அந்தக் கேள்விக்குத்தான் அவர் வீட்டில் பதில் இல்லை. மாமி சிவநாயகி இரவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். பகல் இரண்டு மணிக்கு இன்னொரு வேலையாக அலுவலகம் ஒன்றைத் துப்புரவாக்கப் போகிறார். மாமா பேருந்து ஓட்டும்போது மாமி நித்திரை. மாமா படுக்கும்போது மாமி வேலையில். மகன் தினேஸ் தூரத்தில், துரொண்ட்ஹைம் நகரத்தில் படிக்கிறான். பத்து வருடமாக இப்படித்தான். "எங்கட கட்டில் ஆறினதே இல்லை" என்று மாமி சொல்வார். ஒருவர் எழும்பிய சூட்டில் மற்றவர் படுக்கிறார்.

"இஞ்சருங்கோ, நான் நித்திரையிலை என்ன செய்யிறனான்?" என்று மாமியிடம் கேட்டிருக்கிறார்.

"எனக்கெப்பிடித் தெரியும்? கலியாணம் கட்டின புதுசிலை நல்ல பிள்ளை மாதிரிப் படுத்தனீங்கள். இப்ப என்ன செய்யிறீங்களெண்டு கட்டிலைத்தான் கேக்கவேணும்."

கட்டிலைக் கேட்க முடியாததால் செவ்வாய்க்கிழமை எங்கள் கதவைத் தட்டினார். எங்களுடையது வரிசை வீடு. அவர் படுக்கும் அறைக்கும் என் அறைக்கும் நடுவே ஒரு மெல்லிய சுவர்தான்.

"பிள்ளை, நான் மத்தியானம் படுக்கேக்கை இந்தப் பக்கம் ஏதும் கேக்குதோ? வெக்கப்படாமல் சொல்லும்."

"ஓம் மாமா. குறட்டை கேக்கும்."

"பலமாயோ?"

"பலமா. பிறகு திடீரெண்டு நிண்டுடும்."

"நிண்டால் நல்லதுதானே. நீர் படிக்கலாம்."

"மூச்சும் சேர்ந்து நிக்குது மாமா."

கணிதப் பரீட்சைக்குப் படித்த நாட்களில் அதைக் கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தேன். சத்தம் நிற்கும்போது என் பென்சிலும் நிற்கும். நான் எண்ணுவேன். பிறகு தண்ணீருக்குள் இருந்து ஒருவர் தலையைத் தூக்குவது போல ஒரு பெரிய இழுப்பு. அதன் பிறகுதான் அடுத்த கணக்கைச் செய்வேன். எண்ணியதைக் கொப்பியின் ஓரத்தில் எழுதியும் வைத்திருந்தேன். இருபத்தெட்டு, முப்பத்திரண்டு, நாற்பத்தொன்று. வயதுபோன ஆண்கள் எல்லாரும் இப்படித்தான் நித்திரை கொள்வார்கள் என்று நினைத்தேன். அதனால் யாருக்கும் சொல்லவில்லை. இதை எழுதும்போதும் அதை நினைக்க எனக்குக் கூசுகிறது.

கொப்பியைக் கொண்டுவந்து காட்டினேன். மாமா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "நாப்பத்தொரு செக்கனோ?" என்றார். வாசலில் நின்றபடியே மூக்கைப் பொத்திக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார். கன்னம் உப்பியது, கழுத்து நரம்பு புடைத்தது. இருபத்தாறில் விட்டுவிட்டார். இருமி இருமிச் சிரித்தார்.

"முழிச்சிருக்கேக்கை ஏலாது. நித்திரையிலை நான் சங்கு குளிக்கிற ஆள்." பிறகு இரண்டு கையையும் தட்டினார். "அப்ப புட்டிலை பிழையில்லை. காரணம் பிடிச்சாச்சு பிள்ளை."

அவ்வளவு சந்தோசமாக ஒரு நோயைக் கண்டுபிடித்தவரை நான் பார்த்ததில்லை. எனக்கும் அந்தச் சந்தோசம் தொற்றியது. வைத்தியருக்குக் காட்ட அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தேன்.

மறுநாள் பின்னேரம் அவருடைய நண்பர் இராஜதுரை வந்திருந்தார். அவரும் பேருந்து ஓட்டுநர். இருவரும் வாசல் படியில் நின்று கதைத்தது எனக்குக் கேட்டது.

"மச்சான், உனக்கென்ன விசரே? இதைக் கொண்டுபோய்க் காட்டினால் லைசென்ஸை நிப்பாட்டுவாங்கள். சோதனைக்கு அஞ்சாறு மாசம் காத்திருக்கவேணும். பிறகு மூச்சு நிக்காமல் இரவிலை மூஞ்சையிலை பூட்டிக்கொண்டு படுக்க ஒரு மெசின் தருவாங்கள். அதுக்குப் பிறகும் பஸ்ஸைத் தருவாங்களோ தெரியாது."

"மூச்சு நிக்குதடா."

"எனக்கும் நிக்கும். ஆர் எண்ணினது? ஒண்டுமில்லை, நல்ல நித்திரையெண்டு சொல்லிப்போட்டு வா. ஐம்பது வயசிலை திரும்பவும் மீன் வெட்டப் போறியோ?"

மாமா தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். அந்தக் கையில் மீன் கத்தி கிழித்த தழும்புகள் இருக்கின்றன. கொப்பித் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். காட்டப் போகிறாரா, கிழிக்கப் போகிறாரா என்று முகத்தைப் பார்த்து எனக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை நல்ல வெயில். எனக்குக் கடைசி வாய்மொழிப் பரீட்சை. பேருந்து நிறைந்திருந்தது. முதல் சந்தியில் ஒரு மிளகாய், அடுத்ததில் இரண்டு. கீழே கடல் தெரியும் இறக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் கண்ணாடியில் பார்த்தேன். அவர் கண் திறந்திருந்தது. ஆள் இல்லை.

"மாமா" என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

அவர் தலையை உதறினார். ஆளே இல்லாத தரிப்பிடத்தில் மெதுவாகக் கொண்டுபோய் நிறுத்தினார். கைப்பிரேக்கை இழுத்து, எஞ்சினை நிறுத்தி, எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டார். பறவைச் சத்தம் உள்ளே வந்தது. வானொலிக் கருவியை எடுத்துக் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டார். கதவில் பழுதா, எஞ்சினிலா என்று ஒரு பெண் குரல் நொர்வேஜிய மொழியில் கேட்டது.

"பேருந்து நன்றாக இருக்கிறது" என்று மாமா அதே மொழியில் நிதானமாகச் சொன்னார். "ஓட்டுநர்தான் சரியில்லை. நித்திரை வருகிறது. நித்திரையில் எனக்கு மூச்சு நிற்கிறது. வேறு ஆளை அனுப்புங்கள். நாளைக்கும் வேண்டும்."

எனக்குப் பரீட்சை மறந்துபோயிற்று. அவருடைய பதினொரு வருடக் குளிரும் மூன்று தடவைச் சோதனையும் அந்தக் கருவிக்குள் போவது போல இருந்தது.

மாமா சாவித் துவாரத்தில் இருந்து திறப்பைக் கழற்றினார். எழுந்து, எல்லாரிடமும் ஒருமுறை மன்னிப்புக் கேட்டார். முன் வரிசையில் தள்ளுவண்டிப் பையோடு ஒரு நொர்வேஜியக் கிழவி இருந்தார். அவருடைய உள்ளங்கையில் அந்தத் திறப்பை இரண்டு கையாலும் வைத்தார்.

"மற்ற ஓட்டுநர் வந்ததும் கொடுங்கள்" என்றார். "நான் கேட்டால் கொடுக்க வேண்டாம்."