எஞ்சின் ஆறும் வரை

தெருவில் எல்லோருக்கும் அவள் ஸ்பேனர் அக்கா. பம்ப்செட் ஒர்க்‌ஷாப்பில் கை பழகி, பதினெட்டு வருடமாகத் தகரக் கொட்டகை ஒன்றில் பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் என்பார்கள். வேலையைக் குறை சொன்னால் மட்டும்தான் அது.

ஒரு காலை நாத்தனார் போனை நீட்டினாள். பழைய வண்டி வைத்திருப்பவர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு பல் டாக்டர் எழுதியிருந்தார்: 'ஸ்பேனர் அக்காவிடம் கொடுத்தேன், எஞ்சினைக் குட்டிச்சுவராக்கிவிட்டார்.'

தன் அப்பா விட்டுப்போன அந்த ஐம்பது வருட வண்டிக்கு, வேகம் வேண்டுமென்று டாக்டர் எங்கோ கொடுத்து, வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்ட்டைப் பந்தய வகையாக மாற்றியிருந்தார். வண்டிப் புத்தகத்தில் போட்ட வால்வு இடைவெளி அதற்கு ஒத்துவராது. கேமோடு வந்த தாளைப் பார்த்து அவள் இடைவெளியைக் கூட்டி வைத்திருந்தாள். டிக் டிக்கென்று சத்தம் வரும், அது இருக்க வேண்டும், யாரும் கை வைக்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினாள்.

"விடுங்க அண்ணி, போகட்டும்."

"போகட்டுமா? பதினெட்டு வருஷப் பேரு போகுது!"

ஞாயிற்றுக்கிழமை குழு கூடும் மைதானத்தில் டூல் பையோடு போய் நின்றாள். டாக்டர் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார். வண்டி கொதித்தது.

"இப்பவே பாருங்களேன்."

"சூட்டுல அளவு தப்பாக் காட்டும். எஞ்சின் ஆறட்டும். நான் ஆற மாட்டேன்."

மூன்று மணி நேரம் வண்டியை விட்டு நகரவில்லை. யாரோ நீட்டிய டீயையும் வாங்கவில்லை. வேடிக்கை பார்க்கும் ஆசையில் கூட்டமும் கலையவில்லை.

பிறகு மூடியைக் கழற்றி, பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, அளவுத் தகட்டைச் செருகிப் பார்த்தாள். புகை போகிற பக்கத்து வால்வில், இருப்பதிலேயே மெல்லிய தகடுகூட நுழையவில்லை.

"நான் வச்ச இடைவெளி எங்க போச்சு? யார் கை வச்சது?"

கூட்டத்தில் நின்ற டாக்டரின் மச்சான் தொண்டையைச் செருமினார். "ஒரே சத்தமா இருந்துச்சு... லேசா இறுக்கினேன்."

"லேசாவா? வால்வு மூடவே இடமில்ல. நெருப்பு அது வழியாத்தான் போயிருக்கு. டாக்டர், உங்க பேஷன்ட் வாயில உங்க மச்சான் கைய விட்டுட்டு, பழிய உங்க தலையில போட்டா சும்மா இருப்பீங்களா?"

சிரித்தவர்களைத் திரும்பி ஒரு முறை முறைத்தாள். சிரிப்பு அடங்கியது.

அளவை மறுபடி வைத்தாள். வண்டி கிளம்பியது, ஆனால் இழுவை குறைவு. வால்வு விளிம்பு கருகிவிட்டதென்று அதிலேயே தெரிந்தது. மாற்றித்தான் ஆக வேண்டும்.

"மனசுல வச்சுக்காதீங்கக்கா," என்றார் டாக்டர்.

"என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எங்க எழுதினீங்களோ அங்க எழுதுங்க."

நின்ற இடத்திலேயே எழுதி, படித்துக் காட்டினார்: 'தவறு நேர்ந்துவிட்டது.'

"தானா நேர்ந்துச்சா? யார் தப்புன்னு எழுதுங்க."

டாக்டர் அழித்துவிட்டு, மச்சான் கை வைத்ததை எழுதினார். மச்சான் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுவாரம் வண்டி கொட்டகைக்கே வந்தது. புது வால்வு மாட்டி, இடைவெளி வைத்து, மூடியின் போல்ட்டுகள் மேல் சிவப்பு பெயின்ட்டில் கோடு இழுத்தாள்.

"இந்தக் கோடு உடைஞ்சிருந்தா என் வாசலுக்கு வராதீங்க."

டாக்டர் தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். கூட வந்த மச்சான் தெருமுனையைத் தாண்டி உள்ளே வரவே இல்லை.