வெட்டுப்படாத காப்பு

ஆவி, பேய் என்று யாராவது கதை எடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஞாயிறு பூசைக்குப் போவேன், அதோடு சரி. நீங்களும் எழுந்து போவதென்றால் போகலாம், கோபிக்க மாட்டேன்.

என் அக்கா கொட்டாஞ்சேனையில் ஓர் அடைப்பு மடத்தில் கன்னியாஸ்திரி. உள்ளே போனால் போனதுதான், வீட்டுச் சாவுக்குக்கூட வெளியே வரமாட்டார்கள். பார்க்கப் போகிறவர்கள் கம்பிக்கும் கறுப்புத் திரைக்கும் இந்தப் பக்கம் இருந்து வெறும் குரலோடு கதைக்க வேண்டும், ஏதாவது கொடுப்பதென்றால் சுவரில் பதித்த மரப்பெட்டியில் வைத்து அந்தப் பக்கம் சுழற்றிவிட வேண்டும். "பெத்த பிள்ளையோட திரையைப் பாத்துக் கதைக்க என்னால ஏலாது" என்று அம்மா பன்னிரண்டு வருஷம் அந்தப் படியை மிதிக்கவில்லை.

அம்மா ஆஸ்பத்திரியில் விடியற்காலை ஐந்து மணிக்கு இறந்தார். கை வீங்கியிருந்ததால் இரண்டு காப்பையும் நர்ஸ் என் கண் முன்னால் வெட்டித்தான் எடுத்தார். கைக்குட்டையாக வைத்திருந்த லேஞ்சியில் முடிந்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நேரே மடத்துக்கு பஸ் ஏறினேன். கடைசிவரை அம்மாவின் மனம் இறங்கவில்லை என்று அக்காவிடம் எந்த வாயால் சொல்வது என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டே போனேன்.

"அக்கா, அம்மா..." என்று தொடங்கினேன்.

"வாசல்ல காணேல்லையா நீ? இப்பதானே எழும்பிப் போனவ!" திரைக்குப் பின்னால் அக்காவின் குரல் சிரித்தது. "கம்பிக்குள்ளால கையை விட்டு என்ர கையைப் பிடிச்சு ஒரே அழுகை. தான்தான் பிழை விட்டிட்டாவாம்."

நான் சட்டைப்பையில் இருந்த லேஞ்சியைத் தொட்டுப் பார்த்தேன்.

"காப்பு ஒண்டையும் பெட்டிக்க வைச்சிட்டா. மற்றது உனக்காம். நாங்கள் நகை வைச்சிருக்க ஏலாதுதானே, இதையும் நீயே கொண்டு போ."

பெட்டி சுழன்றது. உள்ளே அம்மாவின் காப்பு. நம்பினால் நம்புங்கள், லேஞ்சியில் நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது, அவிழ்த்தால் உள்ளே ஒன்றுதான்.

"அம்மா விடிய அஞ்சு மணிக்கே போயிட்டா, அக்கா."

"கை சூடாத்தானே இருந்தது" என்றாள் அக்கா.

பஸ்ஸில் ஒன்று விழுந்திருக்கும், யாரோ எடுத்து வந்து கொடுத்திருப்பார்கள் என்பீர்கள். நானும் அப்படிச் சொல்லிப் பார்த்தவன்தான். இரண்டும் இன்றைக்கும் என் வெள்ளவத்தை வீட்டு அலுமாரியில் இருக்கின்றன, வந்து பாருங்கள். முடிச்சில் இருந்தது வெட்டிய காப்பு. பெட்டியில் வந்ததில் வெட்டு இல்லை.