முழங்கால் உயரம்

தோட்டக்கலை படித்திருக்கிறேன் என்று சொன்னால் போதும், எதிரில் இருப்பவர் தன் மொட்டைமாடியில் வாடிப்போன ரோஜாச் செடியைப் பற்றிக் கேட்டுவிடுவார். ரோஜாவைப் பற்றி எனக்கு அப்படியொன்றும் பெரிதாகத் தெரியாது. பல வருடங்களாக நான் பார்ப்பது பூங்காப் பராமரிப்பு. ஒரு ஒப்பந்தக்காரரிடம் மேற்பார்வையாளர் வேலை. மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை அவர் எடுத்திருக்கும் பூங்காக்களை ஸ்கூட்டியில் சுற்றி வர வேண்டும். எது வாடியது, எது செத்தது, யார் வேலைக்கு வரவில்லை என்று பார்க்க வேண்டும். புகார் வந்தால் போய் நிற்க வேண்டும். நிற்பதுதான் அதிகம்.

புகார்களில் பாதி செடியின் உயரத்தைப் பற்றியவை. எந்தச் செடி எவ்வளவு போகும், எங்கே வெட்டினால் அடியிலிருந்து துளிர்க்கும் என்றெல்லாம் கல்லூரியில் சொல்லித்தந்தார்கள். வேலைக்கு வந்த பிறகுதான் மீதி தெரிந்தது. புதர் இடுப்பளவு வளர்ந்துவிட்டால், அதற்குப் பின்னால் யாராவது உட்கார்ந்துவிடுவார்களோ என்று குடியிருப்போர் சங்கத்துக்குச் சந்தேகம் வந்துவிடும். உடனே போன் வரும். அதனால் இந்த ஊர்ப் பூங்காக்களில் எல்லாச் செடிக்கும் ஒரே உயரம், முழங்கால். அழகுக்காக வைக்கிறோம், ஒழுக்கத்துக்காக வெட்டுகிறோம்.

மந்தைவெளியில், ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், சின்னதாக ஒரு பூங்கா. எட்டுப் போட்ட நடைபாதை, இரண்டு ஊஞ்சல், உட்கார்ந்தால் சுடுகிற சிமெண்ட் பெஞ்சுகள். மூலையில் மட்டும் ஆளுயரத்துக்கு ஒரு மருதாணி வேலி இருந்தது. மோட்டார் அறையை மறைப்பதற்காக எனக்கு முன்னால் யாரோ வைத்தது. அறையும் வேலியும் சேர்ந்து நடுவில் கொஞ்சம் நிழல் உண்டாக்கியிருந்தன. காலை நடைக்காரர்கள் போனதும் பூங்காவைப் பூட்டினால் சாயங்காலம்தான் திறப்பார்கள். அதுவரை உள்ளே வாட்ச்மேனும், தோட்ட வேலை பார்க்கும் பெண்ணும்தான்.

அந்தப் பெண்ணுக்கு முப்பதைத் தாண்டியிருக்கும். சேலைக்கு மேல் காக்கிச் சட்டை, வாய்க்குப் பூட்டு கிடையாது. களை பிடுங்கச் சொன்னால் பாதியில் போன் பேசப் போய்விடுவாள். உரத்தை அள்ளி இறைப்பாள். வேலி வெட்டுவது மட்டும் அவளுக்குக் கைவந்த வேலை. அவள் புருஷனும் எங்கள் ஆள்தான், கோட்டூர்புரம் பூங்காவில் வேலை. மதியம் வண்டியில் சாப்பாடு எடுத்துக்கொண்டு வருவான். வாட்ச்மேன் சின்னக் கதவைத் திறந்துவிடுவார். இருவரும் மருதாணிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

"ஒரே வீட்டிலிருந்துதானே ரெண்டு பேரும் வர்றீங்க? இங்க வந்து அப்படி என்ன பேச்சு?" என்று ஒருமுறை கேலியாகக் கேட்டேன்.

"வூட்டுலயா? அங்க எங்க மேடம் பேசறது?" என்றாள். சாந்தோம் கடற்கரையோரம் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் அவர்களுக்கு ஒரே ஒரு அறை. "மாமியா, மாமனாரு, கொழுந்தன், ரெண்டு புள்ளைங்க. லைட்ட நிறுத்துனா மாமியா இருமும். இருமலன்னா இன்னும் பயம், முழிச்சிக்கினு கீதுன்னு அர்த்தம். சண்டை போடணும்னாகூட நாங்க இங்க வந்துதான் போட்டாவணும்."

அதன் பிறகு மதியத்தில் அந்தப் பக்கம் போக நேர்ந்தால், தூரத்திலிருந்தே வாட்ச்மேனிடம் சத்தமாக ஏதாவது பேசிக்கொண்டு போவேன். அவர்கள் அங்கே உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது. இத்தனை பூங்காக்களில் நாங்கள் வைத்த செடி ஒன்று மனிதர்களுக்கு உருப்படியாகப் பயன்பட்டதை நான் பார்த்தது அங்கேதான்.

எதிர் அடுக்குமாடியில் இரண்டாம் மாடி மாமிதான் சங்கத்தின் செயலாளர். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கெட்டவர் இல்லை. கோடையில் எங்கள் ஆட்களுக்கு மோர் கொடுத்தனுப்புவார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டனுப்பி, காப்பி கொடுத்து, குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, போனை நீட்டினார். பால்கனியிலிருந்து எடுத்த வீடியோ. வேலிக்கு மேலாக இரண்டு தலைகள் மங்கலாகத் தெரிந்தன. ஒரு தலை இன்னொன்றின் தோளில் சாய்ந்திருந்தது.

"பட்டப்பகல்ல, பாருங்கோ. கேட்டு பூட்டியிருக்கு, எப்படி உள்ள வந்தான்னே தெரியலை. நீங்களும் ஒரு பொம்மனாட்டி, உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"மாமி, அது நம்ம தோட்டக்காரப் பொண்ணு. கூட இருக்கிறது அவ புருஷன்."

அத்தோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். மாமி வீடியோவைப் பெரிதாக்கி இன்னொரு முறை பார்த்தார்.

"புருஷனா? அப்படீன்னா இன்னும் தப்பு. ஆம்படையான் பொண்டாட்டிக்கு வீடுன்னு ஒண்ணு இல்லையா? ஆத்துல உக்காந்துண்டு பேசிக்க வேண்டியதுதானே?"

ஒற்றை அறையைப் பற்றிச் சொன்னேன். மாமியார் இருமலையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"நான் கல்யாணமாகி வந்தப்போ எங்காத்துலயும் அப்படித்தான். கூடத்துல வரிசையாப் பாய். நாங்க என்ன பார்க்கைத் தேடிண்டா போனோம்? நாங்க ரெண்டு பேரும் பேசிண்டதே இல்லை. காலம் ஓடலையா?"

சுவரில் மாலை போட்டிருந்த அவர் கணவரின் படம் எங்கள் இருவருக்கும் நேரெதிரே இருந்தது. நான் காப்பி டம்ளரைக் கொண்டுபோய் சமையலறையில் வைத்துவிட்டு வந்தேன்.

வீடியோ அதற்குள் சங்கத்தின் வாட்ஸப் குழுவுக்கும் ஒப்பந்தக்காரருக்கும் போயிருந்தது. அவர் போனில் அவசரமாக இருந்தார். "மேடம், கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற நேரம். வேலிய முழங்காலுக்கு எறக்கிடுங்க. அந்தாளு உள்ள வரவே கூடாது. அந்தப் பொண்ண வேணும்னா அடையாறுக்குத் தூக்கிடுங்க."

இருவரையும் ஒரே பூங்காவில் போட்டால் பிரச்சினையே இல்லையே என்றேன். "ரெண்டு பேரும் ஒரே நாள்ல லீவு போட்டா யாரு தண்ணி ஊத்துவா, நீங்களா?" என்றார். வயதான மருதாணி, ஒரே வெட்டாக இறக்கினால் அடியில் இலையே இருக்காது, வெறும் கட்டையாக நிற்கும், மழைவரை பொறுத்து இரண்டு தவணையாக வெட்டலாம் என்று என் படிப்பையும் எடுத்து வைத்தேன். "கட்டையா நின்னா நிக்கட்டும், ஆளு தெரியணும், அவ்ளோதான்." அவளை இடம் மாற்றாமல் விட்டதுதான் எனக்குக் கிடைத்த ஒரே சலுகை.

அவளிடம் போய்ச் சொன்னேன். கையிலிருந்த தண்ணீர் ஹோஸைக் கீழே போட்டாள்.

"அது நாங்கதான்னு சொன்னீங்களா மேடம்?"

"சொன்னேன்."

"அப்பறமும் இன்னாவாம்?"

வெட்டுவதற்கு வேறு பூங்காவிலிருந்து ஆள் அனுப்புகிறேன் என்றேன். "வேணாம், அவன் கோணலா வெட்டுவான்" என்று சொல்லிவிட்டுக் கத்தரியை எடுக்கப் போனாள். இரண்டு பக்கமும் குச்சி நட்டு, முழங்கால் அளவில் நூல் கட்டி, காலையில் ஆரம்பித்து மதியத்துக்குள் முடித்துவிட்டாள். தடித்த கட்டைகளை ரம்பத்தால் அறுத்தாள். நான் சொன்னபடியே அடியில் இலை இல்லை. மோட்டார் அறையின் கறை படிந்த சுவர் தெருவுக்கே தெரிந்தது. மாமி பால்கனியிலிருந்து பார்த்துவிட்டு மோர் கொடுத்தனுப்பினார். பெருங்காயமும் கறிவேப்பிலையும் போட்ட நல்ல மோர். நானும் குடித்தேன்.

அந்த வாரத்திலேயே ஒரு மதியம் மறுபடி அங்கே போனேன். பூங்காவின் பெரிய கேட்டுக்கு வெளியே, தெரு நடைபாதையில், அவள் புருஷன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே தரையில் அவள். நடுவில் பூட்டிய கம்பிக் கதவு. சிறையில் மனு போட்டுப் பார்க்க வந்தவர்களைப் போல இருந்தது. கதவுக்கு அடியில் டிபன் பாக்ஸைத் தள்ளினான். தெருவில் மாநகரப் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"இன்னா? கேக்கல!" என்று அவள் கத்தினாள்.

"சின்னவனுக்கு ஜொரம்னு சொன்னேன்!"

ஆட்டோவுக்குக் காத்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்த மாமியும் பார்த்தார். என்னைக் கண்டதும் திருப்தியாகத் தலையாட்டினார். எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கதவைத் திற என்று வாட்ச்மேனிடம் சொன்னேன். அவர் மாடியை ஒருமுறை பார்த்துவிட்டு, "என் வேலை போயிடும் மேடம்" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போன பிறகு அவள் எழுந்து வந்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்பதற்காக, "பேசவாவது முடியுதே" என்றேன்.

"பேச்சுல இன்னா மேடம் கீது? அத வூட்டுல மாமியா எதுர்லயே பேசிக்கலாம்" என்றாள். "சண்டை போட வர்றோம்னு உங்களாண்ட சும்மா சொன்னேன். இங்க வந்தா பேசவே மாட்டோம். சும்மா உக்காந்துக்கினு இருப்போம். அதான் போச்சு."

சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவக் குழாயடிக்குப் போனாள்.