குரல் இழுக்கும் முன்

பத்தாவதோடு நின்றவன் நான். எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பொள்ளாச்சி ரயிலில் எதிரே உட்கார்ந்து வந்த ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தொண்ணூறுகளில், நான் மில் வேலை முடிந்து கிணத்துக்கடவு திரும்பும் சாயங்கால ரயில் அது. அவருக்குக் காதோரம் நிறைய நரைமுடி. மடியில் சின்ன டேப் ரிக்கார்டர். அதையும், சார்ஜ் போடும் பேட்டரிகளையும், தான் பேசிப் பதிந்த கேசட்டையும் துபாயிலிருந்து மகள் அனுப்பியிருந்தாள்.

போத்தனூர் தாண்டியதும் மகள் பேசுவதைக் கேட்பார். பிறகு யாரோ ஒரு சாமியாரின் சொற்பொழிவு கேசட்டைப் போட்டு, ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டுவிடுவார். அது தன்பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டிருக்கும்.

ஒருநாள் துணிந்து கேட்டேன்.

"ஏனுங்க, கேக்காததுக்கு எதுக்கு ஓட விடறீங்க?"

"பேட்டரி சுத்தமா தீந்தப்பறந்தானுங்க மறுக்கா சார்ஜ் போடோணும். பாதியில போட்டா சீக்கிரம் கெட்டுப்போகுமாம். துபாய்ல இருக்கற அம்மணி சொல்லியிருக்குதுங்க."

"அப்ப மகள் கேசட்டையே ஓட்டித் தீத்துப்போடலாமுங்களே?"

"தீரப் போறப்ப குரல் இழுக்குமுங்க. சாமியாரு இழுத்தா இழுத்துட்டுப் போறாரு. எம்புள்ள இழுத்துப் பேசுனா, நோவுல கெடக்கற மாதிரி இருக்குதுங்க."

இருவரும் சிரித்தோம். சற்று நேரத்தில் சொற்பொழிவு இழுத்து இழுத்து நின்றது.

"இன்னைக்கு ராத்திரி சார்ஜ் போட்டுருவேன். நாளைக்கு நீங்களும் கேளுங்க. 'அப்பா, சாப்புட்டீங்களா'ன்னுதான் ஆரம்பிக்கும்."

அப்படிக் கேட்க என் வீட்டில் யாரும் இல்லை. "சரிங்க" என்றேன்.

மறுநாள் மில்லில் என்னை இரவு ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள்.