தலைகீழாகத் தொங்கிய ரப்பர் மரம்

ஈப்போவில் ரப்பர் தோட்டத்து வாத்தியார்களுக்குச் சனிக்கிழமைதோறும் பயிற்சி வகுப்பு நடந்தது. பாடம் எடுத்தவர் யாழ்ப்பாணத்து ஆசிரியர். சுவரில் படம் காட்டும் புது விளக்கை அவருக்குப் பழக்கிவிடுவது என் வேலை. பழக்கிவிட்டால் அப்புறம் என்னை யார் தேடுவார்கள்? கண்ணாடிப் படத்தைத் தலைகீழாகச் செருகினால்தான் சுவரில் நேராகத் தெரியும் என்பதை மட்டும் நான் சொல்லவேயில்லை. வாரந்தோறும் நானே செருகிவந்தேன்.

அந்த விளக்கை வைத்துப் பாடம் நடத்தினால்தான் அவருக்கு வேலை நிரந்தரம். அதைப் பார்க்க அதிகாரி வந்த அன்று, பக்கத்து ஊரான லகாட்டில் ரயிலைத் தவறவிட்டேன். ஓடிப்போய்ச் சேர்ந்தபோது, சுவரில் ஒரு ரப்பர் மரம் தலைகீழாகத் தொங்கியது. சூடேறிய கண்ணாடியைத் தொட முடியாமல் ஆசிரியர் தவித்துக்கொண்டிருந்தார்.

“அந்தத் தோட்டத்துல பால் மேல வடியும் போல லா, அண்ணே!” என்றார் ஒரு வாத்தியார். வகுப்பே சிரித்தது.

அதிகாரி என்னை முறைத்தார். “நீ சொல்லிக் கொடுக்கலியா?”

ஆசிரியர் முந்திக்கொண்டார்.

“தம்பியில பிழையில்லை. அவர் வடிவாச் சொல்லித் தந்தவர். நான்தான் மறந்துபோனன்.”

வேலை வேறொருவருக்குப் போனது. ஊருக்குப் புறப்படுமுன் அவர் என்னிடம் அந்தக் கண்ணாடிப் படத்தை நீட்டினார்.

“இப்பவாவது சொல்லித் தாரும், தம்பி.”

சொன்னேன். அதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.